நடுக்கோட்டு வெயிலும் குவீன்ஸ்டவுன் பறவைகளும்

சிங்கப்பூரில் கடிகாரம் சூரியனுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி நாட்டின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். அன்றிலிருந்து கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். தீர்க்கரேகைப்படி கணக்கிட்டால் ஏழு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவுதான் வரும். ஆகவே இங்கே உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. பிற்பகல் ஒரு மணியை ஒட்டி வருகிறது. விடிவதும் அதற்கேற்பத் தாமதம். நவம்பர் தொடக்கத்தில் 6.45 வாக்கிலும் பிப்ரவரி நடுவில் 7.15 வாக்கிலும் சூரியன் எழுகிறது. ஆண்டு முழுவதற்கும் வித்தியாசம் இந்த அரை மணிதான். பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்புகிறவர் கேமராவின் கையேட்டைத் திறப்பதற்கு முன் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் துணிபு.

படம் சரியாக வரவில்லை என்றால் பலரும் முதலில் லென்ஸைச் சந்தேகிக்கிறார்கள். அடுத்து கேமராவை மாற்றுகிறார்கள். பறவையின் மேல் அந்த நேரத்தில் எப்படிப்பட்ட வெளிச்சம் விழுந்தது, அதில் எவ்வளவைக் கேமராவுக்குள் விட்டோம் என்ற இரண்டு கேள்விகளும் கடைசிக்குப் போய்விடுகின்றன. இரண்டாவது கேள்விக்குத்தான் எக்ஸ்போஷர் என்று பெயர். இந்த இரண்டைப் பற்றியும் இதுவரை சொல்லப்பட்ட பாடங்கள் குவீன்ஸ்டவுன் போன்ற ஓர் அடுக்குமாடிப் பேட்டைக்கு எந்த அளவு பொருந்துகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரை.

முதல் பாடம், எல்லாப் புத்தகங்களிலும் வருகிற 'பொன் பொழுது'. சூரியன் எழுந்த பிறகு ஒரு மணி நேரமும் மறைவதற்கு முன் ஒரு மணி நேரமும் வெளிச்சம் இளமஞ்சளாக, பக்கவாட்டில் விழும். அப்போது எடுங்கள் என்பார்கள். இது பொய்யில்லை. ஆனால் இதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வாழ்ந்தவர்கள். லண்டனில் டிசம்பர் மாத உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 15 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. அங்கே குளிர்காலப் பகல் முழுவதுமே சாய்வெயில். நாமோ நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறோம். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது, மணிக்கு 15 பாகை வீதம். லண்டன் டிசம்பரில் நண்பகலில் எட்டுகிற உயரத்தை நம் சூரியன் எழுந்த ஒரே மணி நேரத்தில் எட்டிவிடும். ஏழு மணிக்கு உதயம் என்றால் ஒன்பதுக்கு 30 பாகை, பத்துக்கு 45 பாகை. பத்து மணிக்குப் பறவையின் தலையிலும் முதுகிலும் வெயில் கொட்டும். கண்ணும் மார்பும் நிழலுக்குள் போய்விடும்.

உண்மையான பொன்னிறம் இங்கே அரை மணிக்குள் முடிந்துவிடுகிறது. அந்த அரை மணியிலும் குவீன்ஸ்டவுனில் பாதி கைக்கு வராது. கட்டடங்கள் மறைக்கும். ஆகவே இந்த ஊருக்குப் பொன் பொழுதைவிடப் பயனுள்ள கணக்கு, சூரியன் 10 பாகைக்கும் 35 பாகைக்கும் இடையே நிற்கும் நேரம். காலையில் ஏறத்தாழ 7.45 முதல் 9.20 வரை, மாலையில் 4.50 முதல் 6.20 வரை. நிறம் வெண்மையாகிவிட்டாலும் வெளிச்சம் இன்னும் பக்கவாட்டில்தான் வருகிறது. கண்ணில் ஒளிப்பொட்டு விழும். இறகுக்கு இறகு நிழல் பிரியும். மாலையில் இன்னொரு வசதியும் உண்டு. பிற்பகல் இடிமழை பெய்து ஓய்ந்த நாளில் காற்றில் தூசு இருக்காது, பறவைகள் இறகு உலர்த்த வெளியே கிளைகளில் வந்து உட்காரும். அந்த ஐந்தரை மணி வெயிலுக்கு இணையான வெளிச்சம் இந்த ஊரில் வேறு எந்த வேளையிலும் கிடைப்பதில்லை.

குவீன்ஸ்டவுன் சிங்கப்பூரின் முதல் துணைநகரம். எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவையொட்டி 1953ல் பெயரிடப்பட்டது. அறுபது, எழுபது வயதான மரங்கள் இங்கே புளோக்குகளுக்கு நடுவில் நிற்கின்றன. தூங்குமூஞ்சி மரங்களின் குடை விரிந்த நிழல், டெம்புசு மரங்களின் அடர்ந்த இலை, அவற்றுக்கிடையே பளிச்சென்று வெள்ளையடித்த சுவர்கள். படம் எடுக்கிறவருக்கு இது காட்டைவிடச் சிக்கலான வெளிச்சம். காட்டில் வெளிச்சம் குறைவு, அவ்வளவுதான். இங்கே சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும், இலை வழியே ஒழுகும் வெளிச்சமும், நேர் வெயிலும் ஒரே கிளையில் கலந்து விழுகின்றன.

இடத்தின் திசையைப் படித்துக்கொண்டால் சிக்கலில் பாதி தீரும். சூரியன் எழும் திசை இங்கே ஆண்டு முழுவதும் நேர் கிழக்கிலிருந்து வடக்கே 23 பாகை, தெற்கே 23 பாகை என்ற எல்லைக்குள்தான் நகர்கிறது. ஜனவரியில் கண்டுபிடித்த நல்ல நிலைப்பாடு ஜூலையிலும் பெரும்பாலும் நல்ல நிலைப்பாடுதான். பழைய ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். மலாயா ரயில்வேயின் தடம் 2011 ஜூன் 30ஆம் தேதிக் கடைசி ரயிலோடு ஓய்ந்து, 24 கிலோமீட்டர் பசுமை வழியாக மிஞ்சியது. ரயில்வே தொழிலாளர்கள் வழிபட்டு வளர்த்த முனீஸ்வரன் ஆலயம் இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கிறது. அதன் பக்கம் தொடங்கி டாங்ளின் ஹால்ட், புவன விஸ்தா வழியே நடந்தால் பாதை ஏறத்தாழ வடக்கு தெற்காகப் போகும். இரு புறமும் உயர்ந்த மரங்கள். காலையில் கிழக்குப் பக்க மரங்கள் நிழலாக நிற்க, மேற்குப் பக்க மரங்களின் உச்சி முதலில் ஒளிரும். வெயில் மெல்லக் கீழே இறங்கும். எட்டு மணிக்கு உச்சிக்கிளையில் இருக்கும் மாங்குயிலுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்போது, இடுப்பளவுப் புதரில் இருக்கும் சிட்டுக்கு இன்னும் விடிந்திருக்காது. ஒன்பது மணிக்கு நிலைமை தலைகீழ். மேலே இருப்பது முகத்தில் நிழலோடு நிற்கும், புதருக்கு இதமான வெயில் வந்திருக்கும். எட்டு மணிக்கு மேலே பார், ஒன்பதுக்குக் கீழே பார் என்று அந்தப் பாதைக்கு ஒரு விதியே சொல்லலாம். மாலையில் கிழக்குப் பக்கம்.

அலெக்சாண்ட்ரா கால்வாய் இதற்கு நேர்மாறானது. அது ஏறத்தாழ மேற்கிலிருந்து கிழக்கே போய்ச் சிங்கப்பூர் ஆற்றில் சேர்கிறது. காலையில் மேற்கு நோக்கி நின்றால் சூரியன் முதுகில். உங்கள் நிழல் பறவையை நோக்கி நீளும். கிழக்கு நோக்கினால் எதிர்வெயில். இரண்டுக்கும் பயன் உண்டு. கால்வாயின் கான்கிரீட் தரை வெயில் ஏறியதும் வெளிச்சத்தை மேலே திருப்பி அனுப்பும். சின்னக் கொக்கின் அடிவயிறும் சிறகின் உட்புறமும் அந்தத் திருப்பொளியில் தெளிவாகத் தெரியும். ஆனால் ஒன்பதரைக்குப் பிறகு அதே கான்கிரீட் சூடேறி, அதன் மேலுள்ள காற்று அலையத் தொடங்கும். 600 மில்லிமீட்டர் லென்ஸில் அந்த அலை கொக்கின் இறகைக் குழைத்துவிடும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று கடைக்கு லென்ஸைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் இந்தச் சூட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். எந்த எக்ஸ்போஷரும் அதைத் திருத்தாது. பறவைக்கு அருகே போவதும், சீக்கிரம் வருவதும்தான் வழி.

கென்ட் ரிட்ஜ் பூங்காவில் மரங்களுக்கு மேலே செல்லும் நடைபாலம் ஒன்று உண்டு. 280 மீட்டர் நீளம். அங்கே போனால் பறவை நம் கண்மட்டத்தில் இருக்கும். அதன் பின்னால் வெள்ளை வானத்துக்குப் பதில் பசுமை இருக்கும். இதை நான் வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. மேகமூட்டம் மிகுந்த ஊர் இது. மேகம் மூடிய வானம் மென்மையான, நிழலில்லாத வெளிச்சத்தைத் தரும். இறகின் நிறத்துக்கு அதைவிட நல்லதில்லை. ஆனால் அந்த வானமே பின்னணியாக வந்தால் படம் கெட்டுவிடும். நிமிர்ந்து பார்க்காமல் நேராகவோ குனிந்தோ பார்க்கும்படி ஓரிடம் கிடைத்தால் மேகமூட்ட நாள்தான் நல்ல நாள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் நான்காம், ஐந்தாம் மாடித் தாழ்வாரமும் இதே வேலையைச் செய்கிறது. தாழ்வாரக் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் தூங்குமூஞ்சி மரத்தின் மேற்கிளை; அங்கே வந்து அமரும் பச்சைப்புறாவை நேர்மட்டத்தில் எடுக்கலாம். இந்த வசதி பல சரணாலயங்களில் இல்லை. அண்டை வீட்டாரின் சன்னல் பக்கம் லென்ஸ் திரும்பாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் பொறுப்பு.

இனி, எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுவது என்ற கேள்வி. கணக்கின் அலகு 'ஸ்டாப்'. வெளிச்சம் இரட்டித்தால் ஒரு ஸ்டாப் கூடுதல், பாதியானால் ஒரு ஸ்டாப் குறைவு. கேமராவின் ஒளிமானி தன் எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுச்சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டு அளக்கிறது. அதாவது விழும் வெளிச்சத்தில் 18 விழுக்காட்டைத் திருப்பித்தரும் பரப்பு. இன்றைய கேமராக்கள் காட்சியைப் பல கட்டங்களாகப் பிரித்து, பறவையின் கண்ணைக் கண்டுபிடித்து, இன்னும் புத்திசாலித்தனமாக அளக்கின்றன. என்றாலும் அடிப்படை மாறவில்லை. இருண்ட புதர் முன்னே நிற்கும் வெள்ளைக் கொக்கைப் பார்த்தால், காட்சி இருட்டு என்று முடிவுகட்டி வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெள்ளைக் காகிதம் வெட்டி ஒட்டியதுபோல் ஆகும். வெளுத்த வானத்தின் முன்னே அமர்ந்த குயிலைப் பார்த்தால், காட்சி பிரகாசம் என்று வெளிச்சத்தைக் குறைக்கும். குயில் வெறும் கரிய உருவாகும். அதன் சிவந்த கண்ணும், கறுப்புக்குள் இருக்கும் நீலப் பளபளப்பும் போய்விடும். முதலாவதற்கு ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் குறைக்க வேண்டும். இரண்டாவதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். வானம் வெளுத்துப் போனால் போகட்டும்.

இங்கே ஒரு பழைய பாடம் இன்றும் கைகொடுக்கிறது. ஃபிலிம் காலத்தில் அதை வெயில்-16 விதி என்பார்கள். முழு வெயிலில் அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/16 என்றால், ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ (உணர்திறன்) எண்ணின் தலைகீழ். ஐஎஸ்ஓ 400க்கு 1/400 நொடி. அப்பர்ச்சரை எஃப்/8க்குத் திறந்தால் 1/1600, எஃப்/5.6க்குத் திறந்தால் 1/3200. வெள்ளைப் பறவைக்கு இதிலிருந்து அரை முதல் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். சூரியன் தாழ்ந்திருக்கும் வேளையில் ஒரு ஸ்டாப் வரை கூட்ட வேண்டும். இந்த விதியின் பெருமை எண்களில் இல்லை. பறவையின் மேல் விழும் வெயில், அதன் பின்னணி மாறுவதால் மாறுவதில்லை என்ற உண்மையை அது நினைவூட்டுகிறது. கால்வாயிலிருந்து எழும் கொக்கு முதலில் இருண்ட கரையைக் கடக்கிறது, பிறகு சாம்பல் சுவரை, பிறகு வானத்தை. தானியங்கி அளவில் விட்டால் மூன்று இடத்திலும் மூன்று விதமான கொக்கு வரும். கொக்கு ஒரே வெயிலில்தான் பறந்தது. அந்த வெயிலுக்கு ஒருமுறை அளந்து, அப்பர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ என்ற மூன்று எண்களையும் கையால் பூட்டிவிட்டால் எல்லாப் படத்திலும் ஒரே கொக்கு.

மரத்தடியில் கதை வேறு. தூங்குமூஞ்சி மரத்தின் ஆழ்ந்த நிழல் வெயிலைவிட ஆறு ஸ்டாப் வரை குறைவாக இருக்கலாம். அறுபத்து நான்கில் ஒரு பங்கு வெளிச்சம். எஃப்/6.3 லென்ஸில் ஐஎஸ்ஓ 400க்கு வெயிலில் 1/2500 நொடி கிடைத்தது என்றால், அந்த நிழலில் 1/40தான் கிடைக்கும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் 1/320. அமர்ந்திருக்கும் மரங்கொத்திக்கு அது போதும். பூ முன்னே அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டுக்கு 1/2000 வேண்டும், போதவே போதாது. பறவை வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிப் போகிற இடத்தில் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவைத் தானாக ஓடவிடுவதே நல்லது. எல்லாவற்றையும் கையால் செய்தால்தான் கலைஞன் என்ற நினைப்பு சிலரிடம் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. நிலையான வெளிச்சத்துக்குக் கைமுறை, மாறும் வெளிச்சத்துக்குத் தானியங்கி. வெளிச்சத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

குவீன்ஸ்டவுனில் எக்ஸ்போஷரின் முழுப் பாடத்தையும் ஒரே பறவையில் படிக்கலாம் என்றால் அது இருவாச்சி. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, தந்த மஞ்சளில் பெரிய அலகும் அதன் மேல் கொம்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிங்கப்பூரை விட்டு மறைந்த பறவை. 1994ல் உபின் தீவில் மீண்டும் காணப்பட்டது. செயற்கைக் கூட்டுப் பொந்துகளும் பாதுகாப்பும் சேர்ந்து பெருகி, இன்று வீவக வீட்டுச் சன்னல்வரை வருகிறது. இதைப் படம் எடுத்த பலரும் சொல்லும் குறை ஒன்றே: வயிற்றுக்கு அளந்தால் முதுகு போகிறது, முதுகுக்கு அளந்தால் வயிறு வெளுக்கிறது, இந்தப் பறவையே கேமராவுக்கு அடங்காது என்பார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுச்சாம்பல் 18 விழுக்காடு. ஒரு ஸ்டாப் மேலே 36, இரண்டு ஸ்டாப் மேலே 72. மிக வெண்மையான இறகுகூட இரண்டரை ஸ்டாப்புக்கு மேல் போக முடியாது, நூறு விழுக்காட்டுக்கு மேல் எதுவும் திருப்பித்தராது அல்லவா. கறுப்பு இறகு நான்கு விழுக்காட்டளவு என்றால் நடுச்சாம்பலுக்குச் சற்றேறக்குறைய இரண்டு ஸ்டாப் கீழே. ஆக, சீரான வெளிச்சத்தில் இருவாச்சியின் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே நாலரை ஸ்டாப்தான். இன்றைய கேமராவின் ரா கோப்பு (கேமரா பதிக்கும் மூலக் கோப்பு) பன்னிரண்டு ஸ்டாப்பையும் தாண்டிப் பிடிக்கும். குற்றம் பறவையிடமும் இல்லை, கேமராவிடமும் இல்லை. பதினொரு மணிக்கு அந்தப் பறவை இலைகளுக்கிடையே உட்கார்ந்திருக்க, வயிற்றில் ஒரு திட்டு வெயிலும் முதுகில் நிழலும் விழுகிறது. வெயிலுக்கும் நிழலுக்கும் நடுவே நான்கைந்து ஸ்டாப். அது நாலரையோடு சேர்ந்ததும் ஒன்பது, பத்தாகிவிடுகிறது. கோப்புக்குள் அது அடங்கினாலும் கண்ணுக்கு இதமான படமாக அதை ஆக்க முடியாது. மேகம் ஒன்று சூரியனை மறைக்கும்வரை காத்திருந்தால் அந்த நாலைந்து ஸ்டாப் தானாகக் கழிந்துவிடும். இல்லையென்றால் பறவை முழு நிழலுக்கோ முழு வெயிலுக்கோ நகரும்வரை பொறுக்க வேண்டும். இருவாச்சி நிதானமான பறவை. ஒரு கிளையில் நெடுநேரம் இருக்கும். காத்திருப்பதற்கு ஏற்றது.

தேன்சிட்டின் பாடம் வேறு வகை. ஆண் தேன்சிட்டின் தொண்டையில் மின்னும் நீலம் சாயத்தால் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் தெறிக்கும் விதத்தால் வருகிறது. அதனால் கோணம் தவறினால் அந்த இடம் கறுப்பு. அங்கே வெளிச்சத்தைக் கூட்டினாலும் நீலம் வராது, சாம்பல்தான் வரும். செம்பருத்திச் செடியருகே ஒரே இடத்தில் நின்று பாருங்கள். சிட்டு தலையை இடப்பக்கம் திருப்பும்போது தொண்டை கரி. உங்களை நோக்கித் திருப்பும் கணத்தில், சூரியன் உங்கள் முதுகில் இருந்தால், ஊதா கலந்த நீலம் மோவாயிலிருந்து மார்புவரை ஓடி மறையும். அரை நொடிகூட நீடிக்காது. அந்தக் கணத்துக்குத் தொடர்ச்சியாக எடுப்பதும், எக்ஸ்போஷரை மஞ்சள் வயிற்றுக்கு வைத்துக்கொள்வதும்தான் முறை. செந்தேன்சிட்டிலும் மாங்குயிலிலும் இன்னொரு பொறி இருக்கிறது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் மொத்த வளைவு பத்திரமாகத் தெரியும். உள்ளே சிவப்பு அலைவரிசை மட்டும் விளிம்பைத் தாண்டியிருக்கும். வீட்டில் வந்து பெரிதாக்கிப் பார்த்தால் மாங்குயிலின் மார்பில் இறகே இருக்காது, மஞ்சள் பூச்சுதான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்துவைத்து, இந்த இரண்டு பறவைகளுக்கும் அரை முதல் முக்கால் ஸ்டாப் குறைத்து எடுப்பது பாதுகாப்பு.

இந்த இடத்தில் டிஜிட்டல் காலத்தின் புகழ்பெற்ற விவாதம் குறுக்கே வருகிறது. 2003ல் கனடாவைச் சேர்ந்த மைக்கேல் ரெய்க்மன் ஒரு யோசனையைப் பரப்பினார்: படம் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஹிஸ்டோகிராம் வலது விளிம்பைத் தொடும் அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விடுங்கள், பிறகு கணினியில் இறக்கிக்கொள்ளலாம். அவர் தந்த காரணம், ரா கோப்பின் படிநிலைகளில் பாதி மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்பிலேயே இருக்கிறது என்பது. அதைவிட உறுதியான காரணம் பிறகு தெளிவானது. புள்ளி புள்ளியான இரைச்சல் தோன்றுவது பெரும்பாலும் ஐஎஸ்ஓ எண்ணால் அல்ல. வந்து சேர்ந்த ஒளித்துகள்கள் குறைவு என்பதால். ஐஎஸ்ஓ 800ல் இருட்டாக எடுத்துக் கணினியில் தூக்குவதைவிட 3200ல் சரியாக எடுப்பது பெரும்பாலான கேமராக்களில் மேல், குறைந்தபட்சம் சமம். ஆகவே நிழல் மிகுந்த நம் மரத்தடிகளுக்கு ரெய்க்மனின் யோசனை பொருந்தும். வெள்ளைக் கொக்குக்கும் மாங்குயிலுக்கும் அது ஆபத்து. வலது விளிம்பில் இடமே இல்லாத பறவைகள் அவை. பொது விதியாக அதைக் கற்பிப்பதை நிறுத்திவிட்டு, பறவைக்கேற்பச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

எதிர்வெயிலைப் பற்றிக் குறைவாகவே எழுதப்பட்டிருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டான் சிறகு விரித்துத் திரும்பும்போது சூரியன் அதற்குப் பின்னால் இருந்தால், சிறகு ஒளியை ஊடுருவவிட்டுச் செம்பு நிறத்தில் எரியும். முன்வெயிலில் இந்த நிறம் கிடைக்கவே கிடைக்காது. அப்போது உடலுக்கு அளக்காமல் சிறகுக்கு அளக்க வேண்டும்; பின்னணியில் புளோக்கின் நிழல் சுவரோ மரத்தின் இருட்டோ இருக்க வேண்டும். குவீன்ஸ்டவுனில் இருண்ட பின்னணிக்குப் பஞ்சமில்லை. ஜூன் முதல் அக்டோபர்வரை சில ஆண்டுகளில் சுமத்திராவிலிருந்து வரும் புகைமூட்டம் இதையெல்லாம் கெடுத்துவிடும். 2013, 2015 ஆண்டுகளைப் போன்ற நாட்களில் தூரத்துப் பறவையை விட்டுவிட வேண்டியதுதான்.

வெளிச்சம் இல்லாதபோது வெளிச்சத்தை உண்டாக்கிக்கொள்ளலாம் என்று நம்பிய தலைமுறை ஒன்று இருந்தது. 1937ல் ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்த பிரிட்டிஷ் ஒளிப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், பறவைகளுக்கு மின்னணு ஃபிளாஷைப் பயன்படுத்திய முன்னோடி. நம் ஊரின் லோக் வான் தோ (1915–1964) அதே தலைமுறை. கத்தே திரையரங்குகளின் அதிபர். போர்க்காலத்தில் சிங்கப்பூரிலிருந்து தப்பி இந்தியாவில் தங்கியபோது பறவையியலாளர் சலீம் அலியோடு நட்பானார், அவரோடு பறவை தேடிப் பயணங்கள் போனார். 1957ல் வெளிவந்த 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' அவருடைய நூல். தைவானில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். சிங்கப்பூரில் பறவைப் படக்கலையை ஒரு கலையாக நிறுத்தியவர் என்று அவரைச் சொல்லத் தயங்க மாட்டேன். ஃபிலிம் மெதுவாக இருந்த காலத்தில் நிழலில் நின்ற பறவைக்கு ஃபிளாஷ் தவிர வழி குறைவு. இன்று ஐஎஸ்ஓ 6400ல் தெளிவான படம் வருகிறது. தாழ்வாரத்துத் தொட்டிச் செடியில் தேன்சிட்டு கட்டும் தொங்கு கூட்டின் முன்னே ஃபிளாஷ் அடிக்க இன்று எந்தக் காரணமும் இல்லை. பக்கிக்கும் ஆந்தைக்கும் இருட்டுக்குப் பழகிய கண்; அதன் முன்னே மீண்டும் மீண்டும் மின்னலடிப்பது கொடுமை. தேன்சிட்டுக் கூட்டுக்கு எதிர்ப்புளோக்கின் சுவர் வெயிலைத் திருப்பி அனுப்பும் நேரம் ஒன்று நாள்தோறும் வரும். அதைக் கவனித்து, தூரத்திலிருந்து எடுத்தால் போதும்.

நல்ல வெளிச்சமுள்ள கிளைக்குப் பறவையை வரவழைக்க இரை வைப்பவர்களும் இருக்கிறார்கள். காட்டுயிருக்குத் தீனி போடுவதை 2020 ஜூன் முதல் நாடு முழுவதும் சட்டமே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அது தவறுதான். வெளிச்சத்தை நோக்கி நகர வேண்டியவர் படம் எடுப்பவர்.

தமிழில் காட்டுயிர் எழுத்துக்கு வழிபோட்ட மா. கிருஷ்ணன் (1912–1996) வாழ்நாள் முழுவதும் கறுப்பு-வெள்ளைப் படத்தையே நாடினார். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்த கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர். அவர் படங்களில் விலங்கின் தோல் மடிப்பும் இறகின் அடுக்கும் நிறமில்லாமலே பேசுகின்றன. நிறத்தைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வெளிச்சமும் நிழலும்தான். இதிலிருந்து எளிய பயிற்சி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்த படத்தைக் கணினியில் ஒரு நிமிடம் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கண் தனியாகத் தெரிகிறதா, மார்பு உருண்டையாக இருக்கிறதா, பின்னணியிலிருந்து பறவை பிரிகிறதா என்று உடனே தெரிந்துவிடும். மாங்குயிலின் மஞ்சள் மறைத்து வைத்திருந்த குறையெல்லாம் அப்போது வெளிவரும்.

இரைச்சலை நீக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் வந்த பிறகு இவ்வளவு கவனம் தேவையா என்று கேட்கிறார்கள். அவற்றை நானும் பயன்படுத்துகிறேன். நிழலில் எடுத்த நல்ல படத்தை அவை மேலும் நல்லதாக்குகின்றன. ஆனால் வெளுத்துப்போன வெள்ளையில் தகவலே இல்லை. அங்கே மென்பொருள் இறகைக் காட்டினால் அது ஊகித்து வரைந்த இறகு. சிங்கப்பூரில் 400க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் உழவாரன்களும் சிறு கதிர்க்குருவிகளும் வால் வெட்டு, புருவக் கோடு, வயிற்றின் மங்கல் நிறம் போன்ற சின்ன அடையாளங்களால்தான் பிரிகின்றன. ஒரு ஸ்டாப் கூடினால் கதிர்க்குருவியின் இறக்கைப் பட்டை கரைந்துவிடும். இரண்டு குறைந்தால் உழவாரனின் இடுப்பு நிறம் தெரியாது. கென்ட் ரிட்ஜில் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 2015ல் திறந்த லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்தின் பறவை மாதிரிகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் சந்தேகம் வந்தால் பறவையைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். இன்று அந்த இடத்தில் பெரும்பாலும் நம் படங்கள் இருக்கின்றன. இபேர்ட் போன்ற பதிவேட்டுக்குப் படம் அனுப்புகிறவர்கள் திருத்திய பிரதியோடு, தொடாத ரா கோப்பையும், எடுத்த நேரத்தையும், எக்ஸ்போஷர் எண்களையும் வைத்திருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் காட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான்.